நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கும் அப்பா... ஒரு நிமிஷம் சும்மா இருக்காத குழந்தை! சிப்காட் குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, அப்பா படுக்கும் நேரத்தில்தான் இரண்டு வயசு வாண்டுக்குப் பொழுது விடிகிறது. பாத்திரம் உருளும், பீரோ கதவு படபடக்கும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சுற்றுவட்டார வாடகை வீடுகளில் இது தினசரி போராட்டம். இதில் தப்பு யார் மேல்?

குழந்தை மேல் இல்லை என்பதுதான் பதில்.

சேட்டை பிறவிக் குணமா?

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, 1956-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். கைக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தனர். எவ்வளவு துறுதுறுப்பு, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகிறதா, புது இடத்துக்குப் பழகுகிறதா, கோபமும் சந்தோஷமும் எவ்வளவு வேகமாக வெளிப்படுகிறது என 9 குணங்களைப் பட்டியலிட்டனர். சுமார் 10% குழந்தைகள் சமாளிக்கச் சிரமமானவர்கள் என்றும் கண்டனர்.

அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று. குழந்தையின் குணம் மட்டுமே பிரச்சினை ஆவதில்லை. அந்தக் குணமும் வீட்டுச் சூழலும் பொருந்தாமல் போகும்போதுதான் பிரச்சினை.

இங்கே ஏன் பொருந்தவில்லை?

தாத்தா, பாட்டி சொந்த ஊரில். இங்கே இருப்பது ஒரு ரூம், ஒரு கிச்சன். வாசலுக்கு வெளியே விட்டால் லாரி வரும் ரோடு. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் வீட்டின் சாப்பாடு, தூக்க நேரமும் மாறுகிறது. துறுதுறுப்பான குழந்தையை அதிகம் குழப்புவது இந்த மாற்றம்தான்.

‘போன் கொடுத்தா அமைதியாயிடுது’

அந்த நேரத்துக்கு அமைதி கிடைக்கும். ஆனால், உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதுதான்:

* 1 வயதுக் குழந்தைக்கு போன், டிவி வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், குறைந்தால் நல்லது.
* 1 முதல் 4 வயது வரை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும்.
* தூக்கம்: 1–2 வயதுக்கு 11–14 மணி நேரம், 3–4 வயதுக்கு 10–13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேரும்.

என்ன செய்யலாம்?

* ஷிஃப்ட் மாறலாம், குழந்தையின் நேரம் மாறக் கூடாது. சாப்பாடு, குளியல், தூக்கம் எந்த வாரமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.
* அப்பா தூங்கும் காலை நேரமே வெளியே ஓட விடும் நேரம். மொட்டை மாடியோ, கோயில் பிராகாரமோ, கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.
* திடீரென்று இழுத்து வராதீர்கள். ‘இன்னும் ரெண்டு தடவை ஓடிட்டு வீட்டுக்குப் போலாம்’ என்று முன்பே சொல்லுங்கள்.
* அழுது புரளும்போது அடியும் வேண்டாம், அட்வைஸும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.
* நைட் ஷிஃப்ட் முடிந்து கண் சொருகும் ஒருவரிடம் குழந்தையைத் தனியாக விடுவது ஆபத்து. தண்ணீர் நிரம்பிய பக்கெட் ஒன்றே உயிரைப் பறிக்கும். வேறு வழியே இல்லாத நாளில் பக்கெட்டைக் கவிழ்த்து, சிலிண்டரை மூடி, வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடுங்கள்.

2 வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய வார்த்தைகளை மறக்கிறது என்றால் அது வெறும் சேட்டை இல்லை. குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. கணக்கில் வருவது பெண்கள் மட்டுமல்ல, மொத்த ஊழியர்கள். தாய், ஓய்வு இடைவேளையையும் சேர்த்து, நாளுக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் வழி உண்டு.

அங்கன்வாடி இருந்தாலும் அது பகல் நேரத்துக்கு மட்டும்தான். செகண்ட் ஷிஃப்ட் தாய்க்கு அது போதாது.

வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. அங்கே தங்கும் பெண்களில் பலர் நாளை தாயாவார்கள். அப்போதும் அவர்கள் வேலையில் நீடிக்க வேண்டும் என்றால், பெட் மட்டும் போதாது, தொட்டிலும் வேண்டும். ‘நம்ம கம்பெனியில் கிரெச் எங்கே?’ என்று ஹெச்.ஆரிடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. சட்டம் கொடுத்ததைக் கேட்பது.