வட்டு இல்லாத கணிப்பொறி விழிப்பது எப்படி?

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது ரிங்லெட் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். 1963-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை தேக்கி வைத்திருக்கும் நீர் அது. அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி, ஜோர் என்னும் இடத்தில் பூமிக்கடியில் இருக்கும் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. சுழலி ஓரிடம், அதற்கு உயிரான நீர் வேறிடம். இன்று நாம் பேசப்போகும் செய்தியும் இத்தகையதுதான்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் படித்து முடித்து, சைபர்ஜெயா, ஜொகூர் பக்கம் தரவு மையங்களில் வேலைக்குப் போகிறார்கள். "ராத்திரி வேலையில் என்னதான்டா செய்கிறாய்?" என்று தாய் கேட்டால், "சர்வரை ஸ்டோரேஜிலிருந்து பூட் பண்ணினேன், அம்மா" என்கிறான் மகன். தாயின் காதில் 'பூட்டு' என்றுதான் விழுகிறது!

பூட்டு அல்ல, விழிப்பு. கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்த அந்த நொடியில் அதற்கு ஒன்றுமே தெரியாது. பெரட்டுக்கு முதல் நாள் வந்து நிற்கும் புது ஆளைப் போன்றது அது. எந்த மலை, எந்த நிரை என்று மண்டோர் சொன்னால்தானே அவர் கூடையைத் தூக்குவார்? கணிப்பொறிக்கு அப்படிச் சொல்வது இயக்க நிரல். அது வழக்கமாகப் பெட்டிக்குள் இருக்கும் வட்டில், அதாவது டிஸ்க்கில், எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து வேலைக்கு ஆயத்தமாவதே பூட்.

அந்த வட்டை ஏன் பெட்டிக்கு வெளியே வைக்கவேண்டும்? நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஓடும் இடத்தில், பெட்டி ஒன்று நடுராத்திரியில் செத்தால் உள்ளே உள்ள வட்டும் அதோடு முடங்கும். அது ஆஸ்பத்திரியின் மருந்துப் பதிவேட்டைச் சுமந்த பெட்டி என்றால் என்ன ஆகும்? வட்டுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துச் சேமிப்பு வலையமைப்பாக வைத்துவிட்டால், செத்த பெட்டியின் இடத்தில் வேறொன்றை நிறுத்தி, அதே வட்டை அதற்குக் காட்டிவிடலாம். சில நிமிடங்களில் வேலை தொடரும்.

இது புதிய எண்ணமன்று. 1980-களிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வட்டே இல்லாத கணிப்பொறிகளை விற்றது. 1985-இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்ற இருவர் 'பூட்பி' என்னும் விதிமுறையை எழுதினார்கள். தூரத்து வட்டைச் சாதாரண வலைக்கம்பி வழியாகவே படிக்க உதவும் 'ஐஸ்கஸி' என்ற முறை 2004-இல் பொது விதியாயிற்று. அதிலிருந்து பூட் செய்யும் விதி 2005-இல் வந்தது. ஒளியிழைக் கம்பியில் ஓடும் ஃபைபர் சேனல் என்று இன்னொன்றும் உண்டு. அதற்குச் செலவு அதிகம்.

நடப்பதைப் பார்ப்போம். மின்சாரம் வந்ததும் வலை அட்டையில் உள்ள சிறு நிரல் கண் விழிக்கிறது. "நான் யார்? என் விலாசம் என்ன?" என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. விலாசம் வழங்கும் சர்வர் பதில் தருகிறது: "இது உன் எண். உன் வட்டு இன்ன விலாசத்தில், 3260-ஆம் வாசலில் இருக்கிறது." அட்டை அங்கே போய்த் தன் பெயரைச் சொல்கிறது. சேமிப்புக் கருவி தன் பட்டியலைப் பார்த்து, அந்தப் பெயருக்கு எந்த வட்டு என்று இருக்கிறதோ அதை மட்டும் காட்டுகிறது. அப்புறம் அந்தத் தூரத்து வட்டைத் தன் சொந்த வட்டாகவே நினைத்துக்கொண்டு கணிப்பொறி படிக்கத் தொடங்குகிறது.

இந்தப் பெயர்தான் பலரை அழவைப்பது. எனக்கு உறவான பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், மாற்றிவைத்த சர்வர் ஒன்று விழிக்க மறுத்துவிட்டது. கம்பியைப் பார்த்தான், அட்டையை மாற்றினான், விடியும்வரை போராடினான். கடைசியில் பார்த்தால், சேமிப்புக் கருவியின் பட்டியலில் அந்தச் சர்வரின் நீண்ட பெயரில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! செக்ரோலில் கிராணி பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் நாளெல்லாம் கொழுந்து எடுத்தும் பேர் விழாதல்லவா? அதே கதைதான்.

இன்னொரு கண்டம் பாதி வழியில் இருக்கிறது. இயக்க நிரல் ஏறத் தொடங்கியதும் அட்டையின் சிறு நிரல் ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு இயக்க நிரலே வட்டோடு தொடர்பு கொள்ளவேண்டும். அதற்காக, ராத்திரிக் காவலர் பகல் காவலருக்கு மேசைமேல் சீட்டு எழுதிவைப்பதுபோல, அட்டை நினைவகத்தில் ஒரு குறிப்பை விட்டுச் செல்கிறது. இயக்க நிரலின் ஆரம்பப் பகுதியிலேயே வலை அட்டைக்கும் ஐஸ்கஸிக்கும் வேண்டிய துணை நிரல்கள் இல்லையென்றால், அந்தச் சீட்டைப் படிக்க ஆளில்லை. திரையில் நாலு வரி ஓடி, அப்படியே நின்றுவிடும். "ஆரம்பித்தது, பிறகு நின்றது" என்றால் முதலில் இங்கேதான் பார்க்கவேண்டும்.

ஒரே பூட் வட்டை இரண்டு சர்வர்களுக்குக் காட்டுவது பெரிய ஆபத்து. ஒரே செக்ரோலை இரண்டு கிராணிமார் ஒருவரையொருவர் பாராமல் எழுதினால் என்ன மிஞ்சும்? வட்டு பாழாகிவிடும். பழைய பெட்டியை முழுக்க அணைத்த பிறகே புதியதற்கு வட்டைத் திறந்துவிடவேண்டும்.

கம்பி ஒன்று அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் காலடி மண்ணே போய்விடும். ஆகவே இரண்டு அட்டை, இரண்டு பாதை வைப்பார்கள். சேமிப்புக் கருவியே படுத்துவிட்டால் எல்லாச் சர்வர்களும் சேர்ந்து படுக்கும். ஏரியில் மண் தூர்ந்தால் சுழலிக்கு ஏது நீர்? அதனால் வேறோரிடத்தில் நகல் கட்டாயம் இருக்கவேண்டும்.

இரண்டு மூன்று பெட்டிகள் மட்டும் உள்ள கூட்டுறவுக் கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இந்த ஏற்பாடு வேண்டாம் என்பேன். பெட்டிக்குள்ளேயே ஒன்றுபோல் எழுதும் இரண்டு வட்டுகளை வைத்து, நகலும் எடுத்துவந்தால் போதும். ஆனால் இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் பிள்ளை வீட்டிலேயே பழகலாம். பழைய கணிப்பொறி இரண்டு, இடையில் ஒரு வலைக்கம்பி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ், ஐபிஎக்ஸ்இ என்னும் சிறு பூட் நிரல், இவை போதும். ஒன்றைச் சேமிப்புக் கருவியாக்கி, மற்றதன் வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அது விழிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை விழிக்காது. பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.