பலசாலிச் சீட்டுகள் மட்டும் போதுமா?

உங்கள் கையில் ஏழு சீட்டுகள். ஏழும் டிராகன், பூதம் என்று பலம் பொருந்தியவை. ஆனால் ஒன்றைக்கூடக் களத்தில் இறக்க முடியவில்லை! ஏன் இப்படி?

'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டு விளையாட்டு 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதை அமைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட், வரிசை மாற்றங்கள், சேர்வுகள் பற்றிய கணிதப் பிரிவில் டாக்டர் பட்டம் பெற்றவர். இதில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சீட்டுகளைப் பொறுக்கித் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொள்கிறார். வழக்கமான ஆட்டத்தில் கட்டுக்குக் குறைந்தது 60 சீட்டுகள் வேண்டும். 'நிலம்' என்னும் சீட்டுகள் ஆற்றலைத் தரும். மற்றவை அந்த ஆற்றலைச் செலவிட்டே களத்துக்கு வரும். நிலம் இல்லாதவன் கையில் டிராகன் இருந்து என்ன பயன்?

எத்தனை நிலம் வேண்டும்?

60 சீட்டுகளில் 24 நிலம் என்பது பலர் கையாளும் கணக்கு. முதலில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் சராசரியாக 7 × 24/60 = 2.8 நிலங்கள் வரும். ஆனால் சராசரியை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. ஏழிலும் ஒரு நிலம்கூட வராதிருக்க நிகழ்தகவு

36/60 × 35/59 × 34/58 × ... × 30/54

அதாவது சுமார் 2 சதவீதம். ஒரே ஒரு நிலம் வருவதற்கு 12 சதவீதம். ஆக, ஏறத்தாழ ஏழு ஆட்டங்களில் ஒன்றில் தொடக்கமே தடுமாற்றந்தான்! நிலங்களைக் கூட்டிக்கொண்டே போனாலோ, ஆற்றல் இருக்கும். செலவிடச் சீட்டு இராது.

"நல்ல சீட்டுகளை இன்னும் சேர்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள். சாதாரண நிலங்களைத் தவிர ஒரே சீட்டை நான்கு முறைக்கு மேல் சேர்க்க விதி இடம் தராது. 60 சீட்டுக் கட்டில், அந்த நான்கில் ஒன்றாவது முதல் ஏழில் வர 40 சதவீத வாய்ப்பு உண்டு. கட்டை 80 ஆக்கினால் அது 31 சதவீதமாகக் குறைகிறது. கட்டு பெருக்கப் பெருக்க, சிறந்த சீட்டு உள்ளே ஒளிந்துகொள்கிறது!

நால்வர் ஆடினால்?

'கமாண்டர்' என்னும் ஆட்டத்தைப் பெரும்பாலும் நால்வர் ஆடுகின்றனர். கட்டில் 100 சீட்டுகள். அவற்றுள் 'தளபதி' தனியே வைக்கப்படும். சாதாரண நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் ஒருமுறைதான். குறிப்பிட்ட ஒரு சீட்டு, மீதி 99-இல் முதல் ஏழுக்குள் வர வாய்ப்பு 7 சதவீதமே. இதற்கு வழி என்ன? ஒரே வேலையைச் செய்யும் பத்து வெவ்வேறு சீட்டுகளைச் சேர்ப்பது. அப்போது அவற்றில் ஒன்றாவது கிடைக்க 54 சதவீத வாய்ப்பு!

இருவர் ஆட்டத்தில் எதிரியின் 20 உயிர்ப்புள்ளிகளைத் தீர்த்தால் வெற்றி. இங்கே மூவருக்கும் நாற்பது நாற்பதாக 120. சிறு அடிகளால் விரைந்து வெல்லும் கட்டு பாதி வழியிலேயே களைத்துவிடும். மேலும், என் ஒரு சீட்டைச் செலவிட்டு உங்கள் ஒரு சீட்டை அழித்தால் நமக்கு ஆளுக்கு ஒன்று நட்டம்; வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் லாபம். ஆகவே களத்திலுள்ள எல்லா உயிரினங்களையும் ஒருங்கே அழிக்கும் சீட்டுகளுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

இன்னொன்று: முந்திக்கொண்டு பலத்தைக் காட்டுபவரை மற்ற மூவரும் கூடித் தாக்குவார்கள். இருவருக்கு மேற்பட்டோர் மோதும்போது கூட்டணி பிறக்கும் என்பதை ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் தம் ஆட்டக் கோட்பாட்டு நூலில் விரிவாக ஆராய்ந்தனர்.

நீங்களே செய்து பாருங்கள்

இச்சீட்டுகள் மூடிய பொட்டலங்களிலும் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பலசாலிச் சீட்டைத் தேடிப் பணத்தைக் கரைப்பவர் உண்டு. நமக்கோ காகிதமே போதும். 60 துண்டுகள் வெட்டி, 24-இல் 'நி' என்று எழுதுங்கள். நன்றாகக் கலைத்து ஏழு எடுங்கள். குறித்துக்கொண்டு திரும்பக் கலையுங்கள். 50 முறை செய்தால், ஏறத்தாழ 7 முறை 'நி' ஒன்றோ, ஒன்றுமில்லாமலோ வரும். பிறகு 'நி'யை 20 ஆகக் குறையுங்கள். அந்தத் தடுமாற்றம் எத்தனை மடங்காகிறது? முதலில் ஊகியுங்கள், பின்பு சேர்வுச் சூத்திரத்தால் கணக்கிட்டுச் சரிபாருங்கள். அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.