பேயைப் பாதி வழியில் இறக்கி விடுங்கள்!

நம்மூரில் எதையும் பாதியில் விடக்கூடாது. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கக்கூடாது. டிக்கெட் வாங்கிய படம் எவ்வளவு கண்றாவியாக இருந்தாலும் 'வணக்கம்' போடுகிற வரை உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். காலேஜில் எடுத்த குரூப் பிடிக்கவில்லையா? "முதல்ல முடி, அப்புறம் பாத்துக்கலாம்!" (அப்படி முடித்து வந்ததுதான் என் பி.காம்.)

புத்தகத்துக்கும் இதே சட்டம். "எடுத்த புஸ்தகத்தை முடிக்காம வைக்கிறவன் எதையுமே முடிக்க மாட்டான்" என்று சொல்லாத மாமா எந்தக் குடும்பத்தில் இல்லை? அந்த மாமா கடைசியாக முழுசாகப் படித்தது பாம்புப் பஞ்சாங்கம் என்பது வேறு விஷயம்.

மாமாக்கள் மன்னிக்க வேண்டும். நான் ஒரு கொள்கை முடிவு எடுத்திருக்கிறேன். பேய் நாவல்களை மட்டும், போதும் என்று தோன்றுகிற இடத்தில் மூடி வைத்துவிடுவது! துப்பறியும் நாவலை முடிப்பேன். கொலை செய்தது யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. சரித்திர நாவல் ஐந்து பாகமாக இருந்தாலும் முடிப்பேன். பேய்க்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது.

"என்னடா, பயந்துட்டியா?" என்கிறார்கள் நண்பர்கள். விளக்கம் சொல்கிறேன், கேளுங்கள்.

போன காசு போனதுதான்

முதலில் கணக்கு. காமர்ஸ் மாணவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' என்று ஒரு பாடம் உண்டு. ஏற்கெனவே செலவழித்துவிட்டோம், தலைகீழாக நின்றாலும் திரும்பி வராது என்கிற பணம். அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காதே என்பார் லெக்சரர். பரீட்சையில் எல்லோரும் கரெக்டாக எழுதுவோம். வெளியே வந்து, "காசு குடுத்து வாங்கினதாச்சே" என்று ஊசிப்போன வடையைத் தின்போம்.

நாம் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஹால் ஆர்க்ஸ், காத்தரின் ப்ளூமர் என்ற இருவர் 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, 15 டாலர். சிலருக்கு 13. சிலருக்கு அதிர்ஷ்டம், 8 டாலர். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிகமாக நாடகத்துக்குப் போனார்கள். கலை ஆர்வமெல்லாம் இல்லை ஸார், பதினைந்து டாலர்!

இப்போது நம் கணக்கு. புத்தகம் 499 ரூபாய். 200 பக்கம் ஆகிவிட்டது, 300 பாக்கி. பாக்கியைப் படித்தால் 499 திரும்பி வருமா? வராது. கூடவே ஆறேழு மணி நேரமும் போகும். ஆபீஸ் போகிறவனுக்கு ஆறேழு மணி நேரம் ஏது? தாம்பரம் - பீச் ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் கொஞ்சம். மீதியை ராத்திரித் தூக்கத்திடம் கைமாற்றாக வாங்க வேண்டும். அதற்கு வட்டி, மறுநாள் மேனேஜர் முகத்துக்கு நேரே விடுகிற கொட்டாவி.

பத்தடிப் பூச்சி

'இது எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துமே, பேய் என்ன பாவம் செய்தது?' என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம்.

பேய்க்கதை மன்னர் ஸ்டீபன் கிங், தன் தொழிலைப் பற்றி 1981-ல் 'டான்ஸ் மக்காபர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கதவு வருகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் பிறாண்டுகிற சத்தம். நமக்கு வேர்க்கிறது. கடைசியில் கதவு திறக்கிறது. உள்ளே பத்தடி உயரத்துக்கு ஒரு பூச்சி! வீலென்று அலறுகிறோம். ஆனால் அந்த அலறலிலேயே ஒரு நிம்மதியும் இருக்கிறதாம். 'அப்பாடா, பத்தடிதானே! நூறடி இருக்குமோன்னு பயந்துட்டேன்.' நூறடிப் பூச்சியைக் காட்டினால்? 'நல்லவேளை, ஆயிரமடி இல்லை.' வேறோர் எழுத்தாளர் சொன்ன உதாரணம் என்று சொல்லித்தான் கிங் இதை விளக்குகிறார்.

வித்தைக்காரரே ரகசியத்தைச் சொல்லிவிட்டார். பயம் பூச்சியில் இல்லை, மூடிய கதவில் இருக்கிறது.

அவருடைய 'இட்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் வந்தது, ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல். தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம், தூக்கம்தான் வராது. ஆரம்பத்தில் சாக்கடைக்குள்ளிருந்து ஒரு கோமாளி சின்னப் பையனோடு பேசுகிறான் பாருங்கள்... அதற்கப்புறம் மழைநீர் வடிகால் பக்கமே போகத் தோன்றாது. அவ்வளவு பக்கமும் தாண்டிக் கடைசியில் போனால் அந்தப் பூதம் ஒரு பெரிய சிலந்தி உருவத்தில் வந்து நிற்கிறது. சிலந்தியா? எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பு போதுமே! 2019-ல் வந்த படத்தின் இரண்டாம் பாகத்தில் கிங்கே பழைய சாமான் கடைக்காரராக வந்து, கதையில் வரும் எழுத்தாளரிடம், உங்கள் நாவலின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். தன்னையே கிண்டல் செய்துகொள்ளப் பெரிய மனசு வேண்டும்.

துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயம்தான் லாபம். பேய் நாவலில் கடைசி அத்தியாயம் தேய்மானம்!

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1897-ல் ப்ராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வை நான் முழுசாகப் படித்தேன். கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஜோனதன் ஹார்க்கரின் டயரி முதல் நாலு அத்தியாயம். ரத்தம் உறையும். அப்புறம் பயம் குறைய ஆரம்பித்துவிடுகிறது. எனக்கோ ருசி ஏற ஆரம்பித்தது. ஏனென்றால் மீதிக் கதை ஒரு கன்சைன்மெண்ட்! பிரபு ஐம்பது பெட்டி மண்ணை வர்னா துறைமுகத்தில் கப்பலேற்றி, இங்கிலாந்தில் விட்பி என்ற ஊருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து ரயிலில் லண்டன். ரயிலடியிலிருந்து வண்டிக் கம்பெனி டெலிவரி. கதாநாயகர்கள் சிலுவையும் பூண்டுமாகப் புறப்பட்டாலும், பாதி நேரம் அவர்கள் புரட்டுவது ரசீதும் கடிதமும்தான். நாற்பத்தொன்பது பெட்டிக்குக் கணக்கு வந்துவிடுகிறது. ஒன்று ஷார்ட்டேஜ்! அந்த ஒரு பெட்டிக்காக ட்ரான்சில்வேனியா வரை துரத்துகிறார்கள். டாலி ஆகாமல் எந்தக் காமர்ஸ்காரன் புத்தகத்தை மூடுவான்?

காத்தாடி அத்தியாயம்

இதுவரை சொன்னது அலுப்பு, ஏமாற்றம், நேரம். இன்னொரு காரணம் இருக்கிறது. அதை விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை.

கிங்கின் 'பெட் செமட்டரி' 1983-ல் வெளியானது. ஒரு டாக்டர் மனைவி, மகள், கைக்குழந்தையோடு கிராமத்துப் பக்கம் குடிவருகிறார். வீட்டுக்கு முன்னால் ரோடு. ராப்பகலாக டாங்கர் லாரிகள். பின்னால் காட்டில், செத்துப்போன நாய் பூனைகளை ஊர்க் குழந்தைகள் புதைக்கிற இடம். அதைத் தாண்டி, போகக்கூடாத இன்னோர் இடம். நாவலின் நடுவில் அப்பாவும் சின்ன மகனும் வயல்வெளியில் காத்தாடி விடுகிறார்கள். நூலைப் பிடித்துக்கொண்டு குழந்தை சிரிக்கிறது. அந்த இடத்தில் ஆசிரியர், இந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுசு இல்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

என் பையனுக்கு இரண்டு வயது. எங்கள் வீட்டுக்கு முன்னாலும் ரோடு. நாள் முழுக்கத் தண்ணி லாரி.

எழுந்து போய் கேட் கொக்கியைப் பார்த்துவிட்டு வந்தேன். போட்டுத்தான் இருந்தது. இரண்டு பக்கம் படித்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன்.

"என்னங்க, மணி பன்னெண்டரை. கேட்டை எத்தனை தடவை பாப்பீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாத்தான்."

"அந்தப் புஸ்தகத்தை மூடி வைங்க மொதல்ல."

மூடி வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இதே புத்தகத்தைப் படித்திருந்தால் ஒரே மூச்சில் முடித்திருப்பேன். பேய் நாவல் என்பது பயத்தை வாடகைக்கு எடுக்கிற ஏற்பாடு. சைக்கிள் மாதிரி, சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பயம் வாடகைப் பயம் இல்லை. பையன் பிறந்த நாளிலிருந்து நான் சொந்தமாக வைத்திருப்பது. அதையே எனக்குக் காசுக்கு விற்றால் நான் எதற்கு வாங்க வேண்டும்?

இதில் ஆச்சரியம் ஒன்று உண்டு. கிங்கும் இந்த நாவலை மூடித்தான் வைத்தார்! குடும்பத்தோடு மெய்ன் மாநிலத்தில் ஆரிங்டன் என்ற ஊரில் லாரி ஓடும் சாலையோரம் குடியிருந்தபோது மகளின் பூனை ரோட்டில் அடிபட்டுச் செத்தது. சின்ன மகன் ரோட்டைப் பார்க்க ஓடி மயிரிழையில் தப்பினான். 'தப்பாமல் போயிருந்தால்?' என்ற கேள்விதான் நாவல். எழுதி முடித்ததும் எல்லை மீறிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது. மனைவிக்கும் பிடிக்கவில்லை. டிராயரில் போட்டுவிட்டார். பழைய பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு நாவல் பாக்கி இருந்ததால்தான் பிற்பாடு வெளியே எடுத்தார். எழுதினவரே டிராயரில் வைத்ததை நான் அலமாரியில் வைப்பதில் என்ன தப்பு?

தோளில் வேதாளம்

"பாதியில விட்டா அது மனசுலயே சுத்துமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற பெண்மணி, முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் அதிகம் ஞாபகத்தில் நிற்கிறது என்று 1927-ல் பெர்லினில் எழுதினார். பில் தீராத டேபிளின் ஆர்டரை சர்வர் மறக்காமல் இருப்பதும், பில் தீர்ந்ததும் மறந்துவிடுவதும்தான் இந்த ஆராய்ச்சிக்கு விதை என்பார்கள். பின்னால் வந்த சோதனைகளில் ஞாபக சமாசாரம் சரியாகத் தேறவில்லை. ஆனால், விட்டதை மறுபடி எடுக்கத் துடிக்கிற குணம் மட்டும் மனுஷனுக்கு நிஜமாகவே இருக்கிறது. நம்ம விக்கிரமாதித்தன் போல, வேதாளம் தானாகப் பறந்து போனாலும் விடாமல் மறுபடி முருங்கை மரம் ஏறுகிற ஜாதி நாம்.

ஆகவே விடுவதற்கும் ஒரு முறை வேண்டும். என் முறை இது:

1. ராத்திரியில் விடாதீர்கள். பயத்தின் உச்சத்தில் மூடினால் பேய் அப்படியே கட்டிலடியில் தங்கிவிடும். மறுநாள் பகல் வெளிச்சத்தில், காபியோடு, அதே பக்கத்தைத் திறந்து இரண்டு பாரா படித்துவிட்டு மூடுங்கள்.

2. ஐம்பது பக்கம் வரை மரியாதை கொடுங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகர் நான்ஸி பேர்ல் சொன்ன விதி இது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து மிச்சத்தைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நேரத்தின் அருமை அவருக்குத்தானே தெரியும்?

3. கதவைக் கடைசி வரை திறக்காத நாவல்களை முடித்துவிடுங்கள். ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898), ஷெர்லி ஜாக்ஸனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) இந்த ரகம். தமிழில், கணேஷ் விஞ்ஞானம் என்று இழுக்க, வசந்த் பேய் என்று இழுக்கிற சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. இதையெல்லாம் பாதியில் விடுவது பாவம்.

4. முடிவு தெரிந்தே ஆக வேண்டுமானால், படித்த நண்பரை டீக்கடைக்குக் கூப்பிடுங்கள். ஆயிரம் பக்கப் பேயை ரெண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவார். பில் தீர்ந்தது! மசால் வடையோடு சொல்லப்பட்ட எந்தப் பேயும் அன்றிரவு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

5. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பென்னாக் 1992-ல் வாசகனின் உரிமைகள் என்று பத்து எழுதினார். மூன்றாவது, புத்தகத்தை முடிக்காமல் இருக்கிற உரிமை.

'பெட் செமட்டரி'க்கு மட்டும் நான் நாலாவது விதியைப் பயன்படுத்தவில்லை. யாரிடமும் முடிவு கேட்கவில்லை. யாராவது ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றிவிடுகிறேன். நான் விட்ட பக்கத்தில் அந்தக் குழந்தை இன்னும் காத்தாடி விட்டுக்கொண்டிருக்கிறான். விடட்டும்.

மற்றபடி பேய்களோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. போன வாரம்கூடப் புதிதாக ஒன்று வாங்கினேன். பில் போட்ட பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஸார், கடைசி இருபது பக்கம் மிஸ் பண்ணிடாதீங்க, செமயா இருக்கும்" என்றான்.

"தம்பி, அந்த இருபது பக்கத்துக்குத் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டேன்.