தோல் கழிவால் கெட்ட நிலத்திற்கு வெட்டிவேர்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகளாக விளைநிலங்களில் கலந்து வந்தது. ஏறத்தாழ 35,000 எக்டர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஒவ்வாததாகிவிட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வுக் கணக்கை உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. இத்தகைய நிலத்தைச் சீராக்க, நம் நாட்டுப் புல்வெளிகளிலும் ஆற்றோரங்களிலும் இயற்கையாக வளரும் வெட்டிவேர் துணைபுரியும்.

மண்ணில் நேரும் கேடு

தோலைக் கெடாமல் காக்கச் சேர்க்கும் உப்பு, பதனிடப் பயன்படும் குரோமியம் ஆகிய இரண்டும் மண்ணில் தங்குகின்றன. உப்பு மழைநீரில் கரைந்து வடியும். குரோமியம் எளிதில் அகலாது. தொழு உரம் இடுவதால் குரோமியத்தின் நச்சு வடிவம் நச்சு குறைந்த வடிவமாக மாறும்.

வெட்டிவேர் செய்யும் பணி

வெட்டிவேர் தான் உறிஞ்சும் குரோமியத்தின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது. இலைக்குச் செல்வது சிறிதளவே. ஆழமாக இறங்கும் அடர்ந்த வேர்கள் மண்ணைப் பிடித்து, நச்சு மண் அடுத்த வயலுக்கும் கிணற்றுக்கும் அரித்துச் செல்வதைத் தடுக்கின்றன. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் நிலம் முற்றும் தூய்மையாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நடவு முறை

முதலில் கழிவுநீர் வரத்தைத் தடுத்து, வடிகால் அமைக்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இட்டு உழவும். மண் களராக இருந்தால் பரிசோதனைப் பரிந்துரைப்படி ஜிப்சம் இடலாம். பருவமழைத் தொடக்கத்தில் தூர்களைப் பிரித்து, இலை நுனியை வெட்டி, சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக நடவும். வேர் பிடிக்கும் வரை நல்ல நீர் பாய்ச்ச வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. இந்நிலத்து வேரைக் குடிநீர்ப் பானையில் போடவோ மருந்துக்கு விற்கவோ கூடாது. வேரைத் தோண்டினால் பிடித்து வைத்த மண்ணும் நஞ்சும் மீண்டும் கலையும்.

2. இளம் இலைகளை மாடுகள் மேயும். எனவே வேலி அமைப்பது அவசியம்.

3. வெட்டிய இலையை எரிக்கக் கூடாது. சாம்பலில் உலோகம் தங்கும்.

4. சாதாரண மண் பரிசோதனையில் குரோமியம் தெரியாது. மாதிரி கொடுக்கும்போது அதனையும் சோதிக்குமாறு கேட்க வேண்டும்.

மண்ணையும் விளைபொருளையும் சோதித்துப் பாதுகாப்பானது என உறுதியான பின்னரே கீரை, காய்கறி, நெல், தீவனப் பயிர்களைச் சாகுபடி செய்ய வேண்டும். அதுவரை வெட்டிவேர் நிலத்தைக் காத்து நிற்கும்.