யாருக்காக இந்த மிதி?

இறந்தவரின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு சைக்கிள் ஓட்டி நிதி திரட்டுகிறார்கள். துக்கத்துக்கு இது ஒரு வடிகால். பணத்துக்கு?

ஞாயிறு விடிகாலைகளில் புனேயை அடுத்த நிக்டியின் பக்தி-சக்தி சவுக்கில் டீக்கடைக்காரர்களுக்கு முதல் போணி சைக்கிள்காரர்கள்தான். துகாராமும் சிவாஜியும் சந்திக்கும் சிலைக்கு அருகே காலை ஊன்றி நின்றபடி தம்ளரைக் காலி செய்துவிட்டு, பழைய மும்பை சாலையில் லோனாவ்லா பக்கம் கிளம்புகிறார்கள். ஒரு காலத்தில் இதே சாலையில் பிம்ப்ரி, ஆகுர்டி தொழிற்சாலைகளின் முதல் ஷிஃப்டுக்கு சைக்கிளில் விரைந்தவர்களில் தமிழர்களும் உண்டு. இன்றைய சைக்கிள்களில் சில, ஸ்கூட்டரைவிட விலை கூடியவை.

பெரும்பாலோர் தொப்பையைக் குறைக்க வருகிறவர்கள். நற்பணி ஓட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் சில பனியன்களில் ஒரு பெயர் தென்படும். என் தங்கை மார்பகப் புற்றுநோயில் இறந்த மறு வருடம், அவள் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டு மாப்பிள்ளை அப்படி ஓட்டினார். "இதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?" என்றார் என் அப்பா. வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் யாராவது அழுதுவிடுவார்கள் என்று அதுவரை எல்லோருமே பேச்சை மாற்றிக்கொண்டிருந்தோம். சாலையில் அது நடக்கவில்லை. எழுத்து புரியாத மராத்திக்காரர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்கள். அவரும் சொல்லவேண்டி வந்தது. நன்கொடைக்காக ஏறி இறங்கிய கடைகளிலும் அதே கதை. திவசத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறோம், ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில். இங்கே கேட்பவர்கள் அந்நியர்கள்.

இந்த வழக்கத்துக்குப் பெயர்பெற்ற முன்னோடி அமெரிக்காவின் பில்லி ஸ்டார். 1974இல் அவரது தாய் தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு 49 வயதில் பலியானார். 1980இல் 36 பேருடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து கடற்கரையோர ப்ராவின்ஸ்டவுன் வரை சுமார் 350 கி.மீ. ஓட்டினார் ஸ்டார். வசூல் 10,200 டாலர். பான்-மாசசூசெட்ஸ் சேலஞ்ச் என்ற அந்த ஓட்டத்தின் மொத்த வசூல் 2024இல் 100 கோடி டாலரைத் தாண்டியது. போய்ச் சேரும் இடம் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையம்.

அமெரிக்கப் பணக்காரச் சமாசாரம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த இழப்பு அவரை விடவேயில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனைக்குப் பின்னாலும் ஒரு சாவு உண்டு: ரத்தப் புற்றுநோயில் 1931இல் மறைந்த மெஹர்பாய், சர் தோராப்ஜி டாடாவின் மனைவி. மருத்துவமனை திறக்கப்பட்டது 1941இல். அதைப் பார்க்க தோராப்ஜியும் உயிரோடு இல்லை.

ஸ்டாரின் ஓட்டத்தில் ஒரு கறாரான விதி இருக்கிறது. ஒவ்வொருவரும் இவ்வளவு திரட்டித் தருவதாக முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தால் அவர் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். ஓட்டுநர்கள் திரட்டும் தொகை முழுவதும் மருத்துவ மையத்துக்கு. நிர்வாகச் செலவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறார்கள். நம் ஊர் நற்பணி ஓட்டங்கள் பலவற்றில் நடப்பது வேறு. நுழைவுக் கட்டணம் கட்டினால் டி-ஷர்ட், பதக்கம், இட்லி. அதில் நோயாளிக்குப் போனது எவ்வளவு என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டணம் நன்கொடையும் அல்ல. வருமான வரிச் சட்டப்படி நன்கொடை ரசீது உண்டா, எந்த மருத்துவமனை, எத்தனை சதவீதம் என்று கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை. செத்துப்போனவர் பெயரில் கேட்கிற பணம் அது.

பதில் வராவிட்டால், அடையாறுக்கோ பரேலுக்கோ பணத்தை நேரடியாக அனுப்பிவிட்டுத் தனியாகவே மிதிக்கலாம். லோனாவ்லா சாலையில் சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது.