கண் விழித்ததும் கட்டிலில் ரகளை!

"விடுங்கடா! மூச்சு அடைக்குது!"

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையிலிருந்து சத்தம் வந்தது. வெளியே பெஞ்சில் இருந்த அவருடைய மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

மும்பையில் எங்கள் சாலில் குடியிருக்கும் அண்ணாச்சி அவர். நெல்லைச் சீமைக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். மூக்குத் தண்டு வளைவுக்காக ஆபரேஷன். மயக்கம் தெளியும்போது, ரத்தம் நிற்பதற்காக மூக்கில் திணித்திருந்த அடைப்பைப் பிடுங்கிவிட்டார். ரத்தம் கொட்டியது. பிடிக்க வந்த வார்டுபாய்க்கு ஓர் உதை. கடைசியில் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

"அவுகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, தம்பி?" என்று அந்த அம்மாள் அழுதார்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணாச்சி, "கையை ஏன் கட்டியிருக்கு?" என்று கேட்டார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

பைத்தியம் அல்ல

இது பைத்தியமும் அல்ல, பேயும் அல்ல. மயக்க மருந்து இறங்கும்போது மூளை ஒரே நேரத்தில் முழுதாக விழிப்பதில்லை. கை கால் ஆடத் தொடங்கிவிடும். எங்கே இருக்கிறோம் என்ற நினைவு பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் சிலர் உதறுவார்கள், அழுவார்கள், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

1961-ல் எக்கன்ஹாஃப் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணரும் அவரது சகாக்களும் 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து, நூற்றுக்குச் சுமார் 5 பேர் இப்படி ஆவதாக எழுதினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது அதிகம். மூக்கு, தொண்டை ஆபரேஷன்களிலும் அதிகம். வலி, முட்டிய மூத்திரப்பை, சிறுநீர்க் குழாயின் உறுத்தல், முன்கூட்டியே மனதில் இருந்த பயம் எல்லாம் தூண்டிவிடும். பிராண வாயு குறைந்தாலும் நோயாளி இப்படித்தான் துடிப்பார். ஆகவே டாக்டர்கள் முதலில் மூச்சைத்தான் பார்ப்பார்கள்.

"அச்சா, அச்சா!"

ஆபரேஷனுக்கு முன் அண்ணாச்சியிடம் ஒரு டாக்டர் இந்தியில் மளமளவென்று பேசினார். "அச்சா, அச்சா" என்று தலையாட்டி, படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். விழிக்கும்போது மூக்கு அடைத்திருக்கும் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. கூடப் போன நானாவது கேட்டுச் சொன்னேனா? "ஒண்ணுமில்லே அண்ணாச்சி, தூங்கி எழுந்திருப்பீங்க" என்றேன். அதைத் தைரியம் சொல்வதாக நினைத்தேன்.

"குடிப்பது உண்டா?" என்ற கேள்விக்கு, "இல்லை" என்றார். மனைவி பக்கத்தில் நின்றாரே! தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் உண்டு என்பது சாலில் எல்லாருக்கும் தெரியும். மயக்க டாக்டருக்குத்தான் தெரியாது. தெரிய வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

முன்கூட்டிப் பேசுவதற்குப் பலன் உண்டா? 1964-ல் அமெரிக்காவில் எக்பர்ட் என்ற டாக்டர் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரை வைத்துச் சோதித்தார். எங்கே வலிக்கும், எப்படி மூச்சு விடுவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று விவரமாகச் சொல்லப்பட்டவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதியே போதுமானதாக இருந்தது. வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். இது வலியைப் பற்றிய சோதனைதான். பேச்சு ஒன்றாலேயே ரகளை வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அடைத்த மூக்கு எதிர்பாராத அதிர்ச்சியாக இருக்காது.

மறு வருஷம் எங்கள் சாலில் இன்னொருவருக்கு அதே ஆபரேஷன், அதே ஆஸ்பத்திரி. முதல் நாள் மாலை மயக்க டாக்டர் வந்தபோது நான் கூடவே இருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுப் பழகச் சொன்னார் டாக்டர். "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டு, கேஸ் பேப்பரில் மராத்தி எழுத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மயக்கம் தெளிந்தபோது அவர் கையும் மூக்குக்குத்தான் போயிற்றாம். "வாயாலே மூச்சு விடுங்க" என்று சிஸ்டர் படித்துக் காட்ட, கை இறங்கிவிட்டது.

உச்சரிப்புதான் படுமோசம் என்றார் அவர்.