இருப்புப் பதிவேட்டில் ஏறாத யந்திரம்

ஓர் அலுவலகத்தில் பத்து சர்வர்கள் உள்ளன எனக் கொள்வோம். சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, தபால் பதிவுக்கு ஒன்று, தேர்வு முடிவுகளுக்கு ஒன்று எனப் பிரிவுதோறும் வாங்கப்பட்டவை அவை. அவற்றுட் பல, நாளின் பெரும்பகுதி வேலையின்றி மின்சாரத்தை மட்டும் உண்டுகொண்டிருக்கும். இப்பத்தின் பணியையும் ஆற்றல் மிக்க இரண்டு மூன்று யந்திரங்களிடம் ஒப்படைப்பதே மெய்நிகராக்கம். ஒரு மேற்பார்வை மென்பொருள், யந்திரத்தின் நினைவகத்தையும் கணிக்கும் திறனையும் பங்கிட்டு, ஒன்றினுள் பல கணினிகள் தனித்தனியே இயங்குமாறு செய்கிறது. இது புதிய எண்ணமன்று, ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே வி.எம்./370 என்ற பெயரில் இதனை வெளியிட்டது.

ஆகவே இன்று இடர்ப்பாடு யந்திரத்தில் இல்லை. அலுவலகத்தின் பழக்கங்களில் இருக்கிறது.

தம் பிரிவின் நிதியில் வாங்கிய சர்வரைத் தம் அறையிலேயே வைத்துப் பழகிய அதிகாரி, அதனை விட்டுக்கொடுக்க எளிதில் இசையார். அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று. முன்பு ஒரு சர்வர் பழுதுற்றால் ஒரு பிரிவு மட்டுமே நின்றது. இனி, மாற்று ஏற்பாடு இல்லாவிடில், நான்கு பிரிவுகள் ஒருங்கே நிற்கும். பராமரிப்புக்காகச் சற்று நிறுத்தவும் நால்வரின் சம்மதம் வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாளும் சம்பளப் பட்டியல் முடிக்கும் நாளும் ஒன்றாக அமைந்தால் எவர் பணி முந்துவது? அடுத்த யந்திரத்தை வாங்கும் செலவு எப்பிரிவின் கணக்கில் ஏறுவது? இவற்றைத் தலைமை அதிகாரி முன்கூட்டியே உத்தரவாக எழுதி வைத்தாலன்றிப் பூசல் ஓயாது.

செலவிலும் ஒரு சிக்கல் உண்டு. இத்துறையில் முன்னணியிலுள்ள விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அதன்பின் நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, குறித்த காலச் சந்தா முறை வந்தது. ஒருமுறைச் செலவென்று திட்டமிட்டிருந்தோர், மீண்டும் மீண்டும் வரும் செலவுக்கு வழிதேட நேர்ந்தது.

யாவற்றினும் கவனிக்கப்படாதது மற்றொன்று. மெய்யான சர்வருக்கு டெண்டர் உண்டு, ரசீது உண்டு, இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. பழையதானால் கழித்துக் கட்டும் முறையும் உண்டு. மெய்நிகர் சர்வரோ சில நிமிஷங்களில் பிறந்துவிடுகிறது. ஒரு மாதச் சோதனைக்கென்று கேட்டவர் மாற்றலாகிச் சென்ற பின்னரும் அது நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களும் பெறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். (மெய்நிகர் என்ற சொல்லே இதற்கு ஓரளவு பொறுப்புப் போலும்; பொருளில்லாத ஒன்றுக்குச் செலவு ஏது என்று கேட்பவர் பலர்.) பரிகாரம் எளிது: ஒரு நோட்டுப் புத்தகத்தில் யந்திரத்தின் பெயர், கேட்டவரின் பதவி, காரணம், முடியும் தேதி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்ட பின்னரே அதனை உண்டாக்குதல் வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் காலியாக விடும் இடம் நான்காவது.